காலையில டிராக், பகல்ல கிளாஸ், நைட்டு அரியர்: எப்படி சமாளிச்சீங்க?

நானூறு_மீட்டர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) செகண்ட் இயர், திருச்சி பக்கம் அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ வர்ற ஒரு காலேஜ், ஸ்போர்ட்ஸ் கோட்டாலதான் சீட் கிடைச்சுது, 400 மீட்டரும் ரிலேயும் ஓடுறேன். காலையில 5 மணிக்கு எந்திரிச்சு 5.30க்கு கிரவுண்டு, 7.30 வரைக்கும் ஒர்க்அவுட், அப்புறம் குளிச்சு மெஸ்ல ரெண்டு இட்லிய அள்ளிப் போட்டுக்கிட்டு 8.45க்கு முதல் பீரியட்ல போய் உக்காந்தா கண்ணு சொருகுது. சாயங்காலம் 4.30க்கு மறுபடியும் கிரவுண்டு, ஆனா எங்க லேடீஸ் ஹாஸ்டல் கேட்ட 6.30க்கு பூட்டிடுவாங்க, பசங்க 7.30 வரைக்கும் நிதானமா பண்றாங்க, நாங்க கூல்டவுன் கூட பண்ணாம ஓடி வரணும்.

போன செமஸ்டர்ல ஸோன், இன்டர்ஸோன் போட்டின்னு அலைஞ்சதுல சிக்னல்ஸும் மேத்ஸும் அரியர். இப்ப டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) பேப்பர் ஓடுது, சிக்னல்ஸ் தெரியாம அந்த கிளாஸ்ல உக்காந்தா ஒண்ணுமே ஏறல. அட்டெண்டன்ஸ் வேற 71 சதவீதத்துல நிக்குது. அப்பா லாரி டிரைவர், அவங்க ஒண்ணும் சொல்லல, அம்மாதான் ஃபோன் பண்ணும்போதெல்லாம் ஓட்டத்த விட்டுட்டு படிம்மான்னு அழுறாங்க. எனக்கு விட மனசே வரல. இந்த வருஷம்தான் 60 செகண்டுக்கு கீழ ஓட ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டையும் சேர்த்து பண்ணி முடிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_செட்டர்:
தங்கச்சி, நான் மெக்கானிக்கல், 2016 பாஸ் அவுட், யுனிவர்சிட்டி வாலிபால் டீம்ல ரெண்டு வருஷம் இருந்தேன். மொதல்ல அந்த 71ஐ பாரு, மத்ததெல்லாம் அப்புறம். ரூல் 75 சதவீதம். 65ல இருந்து 75க்குள்ள இருந்தா, ஸ்போர்ட்ஸ்க்கு போனதுக்கு சர்டிபிகேட் குடுத்து கண்டோனேஷன் (கொறஞ்ச அட்டெண்டன்ஸுக்கு விலக்கு) வாங்கி எக்ஸாம் எழுதலாம். 65க்கு கீழ போனா எழுதவே முடியாது, அந்த செமஸ்டரையே திரும்ப படிக்கணும். செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வச்சுக்கோ, 75க்கு 68 நாள் வேணும், அதாவது 22 நாள்தான் உன் கையில இருக்கு. அந்த 22ஐ மேட்சுக்கு மட்டும் வச்சுக்கோ, டயர்டா இருக்குன்னு ஹாஸ்டல்ல படுத்து ஒரு நாள் கூட செலவு பண்ணாத. நான் அப்படித்தான் விட்டேன், மேட்சுக்கு போன நாளவிட தூங்குன நாள் அதிகம்.

இன்னொண்ணு, அந்த சலுகை முன்கூட்டியே பெர்மிஷன் வாங்குனவங்களுக்குத்தான். கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன் டியூட்டி (ஓடி) லெட்டர்ல பிடி சார் கையெழுத்து, டிபார்ட்மென்ட் ஹெட் (ஹெச்ஓடி) கையெழுத்து ரெண்டும் வாங்கி ஜெராக்ஸ் ஒண்ணு கையில வச்சுக்கோ. திரும்பி வந்து வாங்கிக்கலாம்னு விட்டா அலைய விடுவாங்க, எனக்கு ஒரு தடவ அப்படி நாலு நாள் ஆப்சென்ட்லயே போச்சு. அம்மாகிட்ட இதையும் சொல்லு, தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. ஓட்டம் வீணான வேலைன்னு அவங்க நினைக்க வேண்டாம், ஆனா அந்த வேலைக்கும் டிகிரி முடிச்சிருந்தா கதவு இன்னும் நெறைய தெறக்கும்.

கரும்பலகை:
நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்குறேன்மா, இசிஇதான். உங்க 2021 ரெகுலேஷன்ல (யுனிவர்சிட்டி விதியில) தியரி பேப்பருக்கு இன்டர்னல் (காலேஜ்லயே போடுற மார்க்) 40, செமஸ்டர் எக்ஸாம் 60. அந்த இன்டர்னல் ரெண்டு தடவையா வரும், ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்டுக்கு 60, அசைன்மென்ட் செமினார் மாதிரி விஷயத்துக்கு 40. டெஸ்ட் அன்னைக்கு நீ மீட்ல (ஓட்டப் போட்டியில) இருக்கலாம், ஆனா அசைன்மென்ட்ட கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எழுதி குடுத்துடலாம்ல, ஸ்போர்ட்ஸ் பிள்ளைங்க பெரும்பாலும் விடுறது இங்கதான். பாஸாக மொத்தத்துல 50, அதோட எக்ஸாம்ல தனியா 45 சதவீதம் வேணும். இன்டர்னல்ல 30 வாங்கி வச்சுட்டேன்னா எக்ஸாம் பேப்பர்ல நூத்துக்கு 45 எடுத்தா போதும், மனசுல பயம் பாதி கொறஞ்சிடும்.

மீட் தேதி தெரிஞ்ச அன்னைக்கே சப்ஜெக்ட் ஸ்டாஃப்கிட்ட நேர்ல வந்து சொல்லு. மேம், இந்த தேதியில இல்ல, ரீடெஸ்ட் வைப்பீங்களான்னு முன்னாடியே கேக்குற பிள்ளைக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வந்ததே இல்ல. டெஸ்ட் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு வந்து நின்னா எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, மார்க் என்ட்ரி போட்டு முடிச்சிருப்போம்.

டிஎஸ்பிக்கு பயப்படாத. சிக்னல்ஸ் முழுசும் இப்ப வேண்டாம், கன்வல்யூஷன், ஃபூரியர், இஸட் டிரான்ஸ்ஃபார்ம் இந்த மூணையும் கணக்கு போட்டு போட்டு பழகு. அதே மூணுதான் டிஎஸ்பிலயும் டிஎஃப்டியா, ஃபில்டர் டிசைனா திரும்பி வருது, ஒரே உழைப்புல அரியரும் இந்த செமஸ்டர் பேப்பரும் சேர்ந்து நகரும்.

கோவில்பட்டி_ஹாக்கி:
கேட் விஷயத்த படிச்சதும் எனக்கு நெஞ்சு எரிஞ்சுது, எங்க ஹாஸ்டல்லயும் இதே கதைதான். நாங்க ஏழு பேர் சேர்ந்து, பிடி மேம் கையெழுத்தோட பிரின்சிபாலுக்கு லெட்டர் குடுத்தோம். பிராக்டிஸ் இருக்குற நாள்ல மட்டும் 7.30 வரைக்கும் பெர்மிஷன், யார் யார்னு பேர் லிஸ்ட் கேட்லயே இருக்கும், பிடி மேம் கூட்டிட்டு வந்து விடுவாங்க, இப்படி எழுதி கேட்டப்ப ரெண்டே வாரத்துல குடுத்தாங்க. தனியா போய் வார்டன்கிட்ட கெஞ்சாத, டீமா போ.

அப்புறம் தூக்கம். நீ படிக்க நேரமில்லைன்னு எழுதல, கண்ணு சொருகுதுன்னுதான் எழுதிருக்க. 5 மணிக்கு எந்திரிக்கிறவ நைட்டு ஒரு மணி வரைக்கும் புக்க வச்சுக்கிட்டு உக்காந்தா புக்கும் ஏறாது, அடுத்த நாள் கால்லயும் தெம்பு இருக்காது, அடிபடுறதும் அப்பதான், நான் தசைநார் கிழிஞ்சு ஆறு வாரம் உக்காந்தது இன்டர்னல் வாரத்துலதான். 10 மணிக்கு லைட்ட ஆஃப் பண்ணு. கோச்சுகிட்ட வார ஷெட்யூல் கேட்டு வாங்கிக்கோ, 300 மீட்டர் ரிப்பீட்ஸ் (அதே தூரத்த திரும்பத் திரும்ப வேகமா ஓடுறது) போடுற நாள் சாயங்காலம் மண்டை வேலை செய்யாது, அன்னைக்கு லேப் ரெக்கார்டு எழுது, படம் வரை. ஈஸி ஜாகிங் நாளும் ஞாயித்துக்கிழமையும்தான் மேத்ஸ். மெஸ்ல ரெண்டு இட்லி பத்தவே பத்தாது, முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம் எதாவது ரூம்ல வாங்கி வச்சுக்கோ.

மனசு விட்டுப்போனா நம்ம ஊரு ஆளுங்கள நெனச்சுக்கோ. டேபிள் டென்னிஸ் சத்யன் சென்னையில இன்ஜினியரிங் முடிச்சவர், அப்புறம் 2018 காமன்வெல்த்ல டீம் கோல்டு. மதுரை ரேவதி வீரமணி லேடி டோக் காலேஜ்ல படிச்சுக்கிட்டே ஓடுன பொண்ணு, உன்ன மாதிரியே 400தான், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ரிலேல ஓடுனாங்க.

சேலத்துக்காரன்:
எல்லாரும் ரெண்டையும் பண்ணுன்னு சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். நான் அரியர் அஞ்சு வரைக்கும் சேர விட்டேன், ஃபைனல் இயர்ல பிளேஸ்மென்ட்டுக்கு வந்த கம்பெனி பாதிக்கு மேல ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாஸாகாத பேப்பர்) இருக்கக்கூடாதுன்னாங்க, ஹால் வாசல்லயே நின்னேன். அதனால இந்த செமஸ்டர்ல சின்ன சின்ன ஓபன் மீட் எல்லாத்தையும் விட்டுடும்மா. யுனிவர்சிட்டி செலக்‌ஷன் மட்டும் ஓடு. பிராக்டிஸ விடாத, மீட்ட கொற. இன்டர் யுனிவர்சிட்டியில 25 வயசு வரைக்கும் ஓடலாம், உனக்கு இன்னும் வருஷம் இருக்கு.

நானூறு_மீட்டர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அழுதுட்டேன். சேலம் அண்ணா சொன்னதும் சரியாத்தான் படுது, அடுத்த மாசம் ரெண்டு ஓபன் மீட் இருந்துச்சு, கோச்சுகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டார். கேட் பெர்மிஷனுக்கு நாங்க கபடி பிள்ளைங்களையும் சேர்த்து பதினோரு பேர், லெட்டர் இன்னைக்கு நைட்டு எழுதுறோம். ஹாக்கி அக்கா, உங்க லெட்டர்ல பேரன்ட்ஸ் கையெழுத்தும் கேட்டாங்களா? எங்கள்ல மூணு பேர் வீடு ராமநாதபுரம் பக்கம், வாங்கி வர ஒரு வாரம் ஆகும்.

கோவில்பட்டி_ஹாக்கி:
கேட்டாங்கம்மா. அவங்க வீட்டுல வெள்ளை பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்ப சொல்லு, பிரின்ட் எடுத்து வச்சோம், ஒத்துக்கிட்டாங்க.