புதுப்பிப்பு: பள்ளி நூலகத்தில் சிடி, டிவிடிகளைப் புத்தகங்களோடு கலந்து அடுக்கியது

வள்ளியூர்ப் பக்கம் எங்கள் பள்ளியில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் சிடி, டிவிடிகளை அந்தந்தத் துறைப் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே வைக்கலாமா, காணாமல் போய்விடாதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வைத்தாயிற்று, எதுவும் தொலையவில்லை.

கைகொடுத்தது, காலி உறையை மட்டும் தட்டில் வைத்துவிட்டு வட்டை மேசை இழுப்பறையில் வைக்கச் சொன்ன அண்ணாச்சியின் யோசனைதான். உறைக்கும் வட்டுக்கும் ஒரே பதிவு எண். எந்தத் துறை என்று காட்டும் டியூயி எண்ணும் புத்தகத்துக்குப் போடுவது போலவே: பறவைகள் பற்றிய டிவிடி 598-இல் பறவைப் புத்தகங்களோடு நிற்கிறது, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய்வந்த பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார்கள். வட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவில்லை, சுழலும்போது சமநிலை கெடும். நடுவிலுள்ள தெளிந்த வளையத்தில் மார்க்கரால் எழுதினோம்.

எதிர்பாராதது ஒன்று. டிவிடி உறை சுமார் 19 செ.மீ. உயரம், புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் சிடி உறை அதைவிடக் குட்டை என்பதால் புத்தகங்களுக்குப் பின்னால் நழுவி மறைந்துவிடுகிறது. அதனால் சிடியின் அட்டைப்படத்தையும் காலி டிவிடி உறைக்குள் செருகிவிட்டோம். அப்புறம் ஆடிக் காற்றுப் புழுதி இருக்கிறதே, அதற்கும் இழுப்பறைதான் நல்லது.

இன்னொன்று, புது லேப்டாப்களில் வட்டுப் போடும் இடமே இல்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி அதையும் பதிவேட்டில் ஏற்றி இரவல் கொடுக்கிறோம்.