பத்து வருஷம் தாண்டிய ஃபிரிட்ஜ்: கேஸ் அடிக்கலாமா, புதுசு வாங்கலாமா?

திருவையாறு வாசி:
வீட்டில் இருப்பது 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், 2014 தீபாவளிக்குத் தஞ்சாவூரில் வாங்கியது. ஒரு வாரமாக ஃபிரீசரின் இடது மூலையில் மட்டும் கைக்குட்டை அளவுக்கு ஐஸ் படிகிறது, மற்ற இடமெல்லாம் வறண்டு கிடக்கிறது. ராத்திரி வைத்த பாலைக் காலையில் காப்பிக்குக் காய்ச்சினால் திரிந்துவிடுகிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. வந்து பார்த்தவர் பின்பக்கம் ஒரு தட்டு தட்டிவிட்டு, "கேஸ் போயிடுச்சு, 3,500 ஆகும், கம்ப்ரசரும் வீக், அதையும் மாத்தினா 7,000" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுசு 16,000-க்குக் கிடைக்கிறது. அம்மாவுக்கு இதைத் தூக்கிப்போட மனசில்லை. என்ன செய்யலாம்?

தஞ்சை பென்ஷனர்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவன் சொல்கிறேன். நிற்காமல் ஓடுகிற கம்ப்ரசர் மீட்டரைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் சரி, ஆனால் 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைக்கிற குறைந்த ரேட்டும் போய்விடும். வெயில் காலத்தில் ஒரு ஏசியும் ஓடினால் 500 எல்லாம் சர்வசாதாரணம். 2014-ல் வாங்கியது அன்றைக்கு எத்தனை ஸ்டார் போட்டிருந்தாலும் சரி, ஸ்டார் அளவுகோலையே அதற்கப்புறம் இறுக்கிவிட்டார்கள்.

மன்னார்குடி மெக்கானிக்:
சார், கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா. நல்ல நிலையில் இருக்கிற பழசுக்கும் புதுசுக்கும் வருஷத்துக்கு 100 யூனிட் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம், யூனிட் 5 ரூபாய் என்றால் 500 ரூபாய் மிச்சம். ரிப்பேருக்கும் புதுசுக்கும் இடைவெளி 12,500. அதை எடுக்க 25 வருஷம் ஆகும், அதற்குள் அந்தப் புதுசே பழசாகி இங்கே வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அண்ணே, நீங்கள் அந்த "கம்ப்ரசர் வீக்" கதையை அப்படியே நம்பிவிடாதீர்கள், தட்டிப் பார்த்து அதைச் சொல்ல அது தேங்காய் இல்லை. ஒரு மூலையில் மட்டும் ஐஸ் படிந்தால் கேஸ் குறைந்திருக்கிறது, அல்லது கேப்பிலரியில், அதாவது கேஸ் ஃபிரீசருக்குப் போகிற மெல்லிய குழாயில், அடைப்பு. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலைதான். நைட்ரஜன் ஏற்றி, ஜாயின்ட் ஜாயின்ட்டாக சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மாட்டேன் என்றால் வேறு ஆள் பாருங்கள்.

நாகை கடலோரம்:
மெக்கானிக் தம்பி சொல்கிறபடி தேடுகிற ஆள் கிடைத்தால்தானே? எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கேஸ் அடித்தோம், மொத்தம் 6,000 போனது. கடைசியில் பார்த்தால் ஓட்டை பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளே ஓடுகிற காயிலில். முதுகில் வலை மாதிரி கறுப்பாக இருக்குமே, அந்தப் பழைய மாடல் என்றால் துரு கண்ணுக்குத் தெரியும். உள்ளே புதைத்திருப்பதை எங்கே போய்ப் பார்ப்பது? உப்புக்காற்று வீசுகிற ஊரில் ஃபிரிட்ஜுக்கு ஆயுள் எட்டு வருஷம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு முந்தையது 2018 கஜா புயலுக்கு அப்புறம் 18 நாள் கரண்ட் இல்லாமல் சும்மா நின்றது, ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் வந்த அன்றைக்குத்தான் செத்தது.

மன்னார்குடி மெக்கானிக்:
அக்கா, புதைந்த காயில் ஓட்டையானால் அதைத் துண்டித்துவிட்டு முதுகில் வெளிக்காயில் மாட்டலாம். தினமும் செய்கிற வேலை.

கும்பகோணம் மெஸ்:
என் ஓட்டு ரிப்பேருக்கு. மெஸ்ஸில் இரண்டு ஃபிரிட்ஜ், மாவுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. போன வருஷம் மாவு ஃபிரிட்ஜ் டக் டக் என்று சத்தம் போட்டு ஸ்டார்ட் ஆகாமல் நின்றது, கம்ப்ரசர் காலி என்று ஒருத்தர் 6,000 கேட்டார். இன்னொருத்தர் வந்து கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்கிற ரிலேவைக் கழற்றினார். உள்ளே எறும்பு, கருகி அப்படியே மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ரிலே மாற்றினார், 350 ரூபாய், இன்றைக்கும் ஓடுகிறது.

அப்புறம், யாரும் வோல்டேஜைப் பற்றிப் பேசவே இல்லையே? மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருஷம் குறுவைக்கு எல்லா போர் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும், எங்கள் பக்கம் 170-க்கு இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் இல்லாமல் எந்தப் புதுசு வாங்கினாலும் இதே கதைதான். எங்கள் அப்பா வாங்கியது 25 வருஷம் ஓடியது, நடுவில் ஒரே ஒரு தடவை கேஸ்.

தஞ்சை பென்ஷனர்:
அப்பா காலத்து ஃபிரிட்ஜில் இருந்தது ஆர்12 என்கிற கேஸ். ஓசோனுக்கு ஆகாது என்று 2010-லேயே இந்தியாவில் நிறுத்தியாகிவிட்டது. அதை வைத்து இன்றைக்குப் பேசக்கூடாது, மெஸ்காரரே. வோல்டேஜ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், நாங்கள் வாங்காத திட்டா.

மன்னார்குடி மெக்கானிக்:
திருவையாறு அண்ணே, கம்ப்ரசர் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், என்ன கேஸ் என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, ஃபிரீசரில் யாராவது எதையாவது வைத்துக் குத்தினார்களா?

திருவையாறு வாசி:
ஆர்600ஏ என்று போட்டிருக்கிறது. குத்தினது... ஆமாம். பையனிடம் கேட்டேன், முதலில் இல்லை என்றான். அப்புறம் குச்சி ஐஸ் ஒட்டிக்கொண்டது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன் என்றான். ஃபிரீசர் தரையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கடுகு அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

மன்னார்குடி மெக்கானிக்:
அட. முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள், இது எரியும் கேஸ். உள்ளே இருப்பதே சுமார் 50 கிராம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இந்தக் கேஸில் ஃபிரீசர் பக்கத்து அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் ஓடுகிற நேரமெல்லாம் அந்தக் கடுகு ஓட்டை வழியாகக் காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுத்திருக்கும், ஒரு வாரமாக. ஃபிரீசர் பெட்டி மாற்ற வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், உள்ளே போன காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்கம் போட வேண்டும், அதற்கப்புறமும் கம்ப்ரசருக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஓட்டையில் பசை தடவி கேஸ் அடிக்கிறவரும் உண்டு, ஆறு மாதம் ஓடினால் அதிர்ஷ்டம். நானே சொல்கிறேன், புதுசு வாங்குங்கள்.

தஞ்சை பென்ஷனர்:
முதல் பதிலில் நான் சொன்னதும் இதுதான்.

மன்னார்குடி மெக்கானிக்:
நீங்கள் சொன்னது கரண்ட் பில்லுக்காக சார். ஓட்டை பின்பக்க ஜாயின்ட்டில் இருந்திருந்தால் 3,500-ல் இன்னும் ஐந்து வருஷம் ஓடியிருக்கும். புதுசில் பத்து வருஷ வாரண்டி என்பார்கள் அண்ணே, அது பெரும்பாலும் கம்ப்ரசர் என்கிற பாகத்துக்கு மட்டும்தான், கேஸுக்கும் கூலிக்கும் தனிக் காசு. கார்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திருவையாறு வாசி:
சரி, நாளைக்குத் தஞ்சாவூர் போகிறேன், ஸ்டெபிலைசரும் சேர்த்து. எக்ஸ்சேஞ்சில் பழசுக்கு 1,000 தருகிறார்களாம். அம்மா அதையும் கொடுக்க விடவில்லை, எலி நுழையாத பெட்டி, உளுந்தும் பச்சைப்பயறும் போட்டு வைக்கலாம் என்கிறார்.

நாகை கடலோரம்:
உளுந்து போடுங்கள், ஆனால் கதவு ரப்பரைக் கழற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறேன் என்று உள்ளே போய் உட்கார்ந்தால் மூச்சு முட்டிவிடும்.

திருவையாறு வாசி:
ரப்பரைக் கழற்றினால் இடுக்கு வழியாக எலி போகுமே அக்கா.

கும்பகோணம் மெஸ்:
கதவையே சுவர் பக்கம் திருப்பி, ஒட்டினாற்போல் வையுங்கள் அண்ணே. உளுந்து வேண்டும்போது இரண்டு பேராக நகர்த்திக்கொள்ளலாம்.

தஞ்சை பென்ஷனர்:
அதற்கு 1,000 ரூபாய்க்கே கொடுத்துவிடலாம்.