முதல் பத்து நிமிஷத்த விட்டுட்டு படம் பாத்து பல்பு வாங்கின அனுபவம் இருக்கா? என்னோடது இது

ரொம்ப நாளா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். ஒரு படத்துக்கு பத்து நிமிஷம் லேட்டா போய் உக்காந்தேன், பேரு வேணாம், பாக்காதவங்களுக்கு ஸ்பாய்லர் ஆயிடும். நான் உள்ள நுழையறப்ப புதுசா கல்யாணம் ஆன ஜோடி வாடகைக்கு வீடு பாத்துக்கிட்டு இருக்காங்க, ஹவுஸ் ஓனரம்மா தொணதொணன்னு பேசுறாங்க, புருஷன்காரன் நடுவுல மொக்க ஜோக்கா போடுறான். சரி ஃபேமிலி காமெடி போலன்னு கால நீட்டி உக்காந்துட்டேன். கிச்சனுக்குள்ள போனதும் அவன் சொல்றான், "தரைய பாரேன், தட்டே வேணாம், இதுலயே போட்டு சாப்பிடலாம், அவ்ளோ சுத்தம்". நான் சத்தமா சிரிச்சுட்டேன். தியேட்டர்ல ஒருத்தர் சிரிக்கல. முன் சீட்டுக்காரர் திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, ஏதோ எழவு வீட்டுல விசில் அடிச்சவன பாக்கற மாதிரி.

இன்டர்வல்ல ஃப்ரெண்டுகிட்ட கேட்டப்பதான் தெரிஞ்சது. படத்தோட முதல் சீனே அந்த ஓனரம்மா மண்டி போட்டு அதே கிச்சன் தரைய துடைச்சுக்கிட்டு இருக்கறதுதானாம், டயலாக் இல்ல, மியூசிக் இல்ல, துணிய புழியற சத்தம் மட்டும், கடைசில பக்கெட்ட காட்டுறாங்க, தண்ணி செவப்பா இருக்கு. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. அத பாத்தவங்களுக்கு அந்த ஜோக்கு வயித்த கலக்குது, பாக்காத எனக்கு அது வெறும் ஜோக்கு. அடுத்த ஒரு மணி நேரமும் நான் தப்பான படத்ததான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

---

நான் லேட்டாலாம் போகல, வீட்டுலதான் பாத்தேன், ஆனாலும் பல்பு. 'சைக்கோ' (1960). படம் ஆரம்பிச்சப்புறம் யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு டைரக்டர் ஹிட்ச்காக் தியேட்டர்காரங்ககிட்ட கறாரா சொன்ன கதையெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. டைட்டில் ஓடுறப்ப யாரு இதெல்லாம் பாப்பாங்கன்னு ஓட்டி விட்டுட்டேன். முதல் சீன்ல ஹோட்டல் ரூம்ல ஒரு லவ் ஜோடி, காசு பிரச்சனைல கல்யாணம் தள்ளிப்போகுது, அப்புறம் அந்த பொண்ணு ஆபீஸ் பணம் 40,000 டாலர தூக்கிட்டு ஓடுறா. நானும் மாட்டுவாளா மாட்டமாட்டாளான்னு அந்த பணக்கட்டுமேலயே கண்ண வச்சு உக்காந்திருக்கேன், பாத்ரூம்ல அவளையே கொன்னதும் எனக்கு ஒண்ணுமே ஓடல, இனி யாரதான் பாக்கறது?

அப்புறம் திரும்ப முதல்லேருந்து போட்டு பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சது. மியூசிக் டைரக்டர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்கள மட்டும் வச்சு அந்த டைட்டில் மியூசிக்ல அறுத்து எடுக்குறாரு. காட்சி காதல் கதை சொல்லுது, காது மட்டும் இது வேற மாதிரி படம்டான்னு முன்னாடியே எச்சரிக்குது. நான் ஓட்டி விட்டது அந்த எச்சரிக்கையதான்.

---

இதெல்லாம் ஓவர் பில்டப்புங்க. போஸ்டர் பாக்கறோம், ட்ரெய்லர் பாக்கறோம், ஹீரோ பேர வச்சே என்ன படம்னு தெரிஞ்சுடுது. முதல் சீன் புதுசா என்னத்த சொல்லிடப் போகுது?

---

மேல உள்ளவருக்கு: 'அந்த நாள்' (1954) பாருங்க. சிவாஜி படம்னு நம்பி போய் உக்காந்தா, ஆரம்பத்துலயே துப்பாக்கி சத்தம், சிவாஜியே சுருண்டு விழுறாரு. எங்க தாத்தா அத தியேட்டர்ல பாத்தவரு, ஆபரேட்டர் ரீல மாத்தி போட்டுட்டான்னு பக்கத்துல இருந்தவரு சண்டைக்கே எழுந்துட்டாராம். பாட்டும் கிடையாது. ஹீரோ பேர வச்சு போனவங்க நெனப்ப அந்த ஒரு குண்டு காலி பண்ணிடுது, அதுக்கப்புறம் யாரு சுட்டதுங்கறது மட்டும்தான் படம்.

---

சத்தம் பத்தி பேசுனதால சொல்றேன். நான் ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்தேன், த்ரில்லர்னு எடுத்தேன். முதல் ஷாட்ல ஒருத்தன் வாசல்ல நின்னு சாவிய தேடுறான், எந்த பாக்கெட்லயும் இல்ல, கீழ விழுந்து கெடக்குது. அதுக்கு லைட்டா ஒரு கிட்டார் பிட்டு போட்டிருந்தேன், நல்லா இருந்துச்சேன்னு. ஃப்ரெண்ட்ஸ் எட்டு பேருக்கு போட்டு காட்டுனேன், சாவி சீன்ல சிரிச்சாங்க, சரி பரவால்லன்னு பாத்தா அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல, கொலை விழுற எடத்துல கூட ஒருத்தன் சிரிக்கிறான். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் ஒரு ஃப்ரேம்கூட தொடல, கிட்டார தூக்கிட்டு சாவி கொத்து சத்தமும் உள்ள ஓடுற ஃபேன் சத்தமும் மட்டும் வச்சேன். வேற ஆளுங்களுக்கு காட்டுனேன். "வீடு பூட்டியிருக்கு, அப்ப உள்ள ஃபேன் ஓடுதே, யாரு இருக்கா?"ன்னு ஒரு பொண்ணு பக்கத்துல கிசுகிசுத்துச்சு. நான் யோசிக்கவே இல்லாத கேள்வி அது, சத்தியமா. கடைசி வரைக்கும் ஒருத்தரும் சிரிக்கல.

பெரிய ஆளுங்களுக்கும் இது நடந்திருக்கு. ஆர்சன் வெல்ஸோட 'டச் ஆஃப் ஈவில்' (1958), கார் டிக்கில டைம் பாம் வைக்கறதுல ஆரம்பிச்சு மூணு நிமிஷத்துக்கு மேல கட்டே இல்லாம ஒரே ஷாட். ரிலீஸ் ஆனப்ப ஸ்டூடியோ அதுக்கு மேல டைட்டில் கார்டையும் ஹென்றி மான்சினி மியூசிக்கையும் ஏத்தி விட்டுடுச்சு. வெல்ஸ் எழுதி வச்சிருந்த நீளமான மெமோவ வச்சு 1998ல வால்டர் மர்ச் திரும்ப எடிட் பண்ணி ரெண்டையும் எடுத்துட்டாரு, இப்ப தெருவுல இருக்கற கிளப்புங்க பாட்டும் அந்த கார் ரேடியோவும்தான் கேக்கும். ரெண்டு வெர்ஷனும் பாத்திருக்கேன். பழசுல ஸ்டைலா ஒரு ஷாட்ட ரசிச்சேன், புதுசுல ரேடியோ சத்தம் கிட்ட வர்றப்பல்லாம் பாம் கிட்ட வருதுன்னு அடிவயிறு இழுத்துச்சு.

---

நான் சுறா படம் 'ஜாஸ்' பாக்காமயே, அதையும் கிண்டலடிக்கிற காமெடி படம் 'ஏர்ப்ளேன்' (1980) பாத்தவன். முதல் ஷாட்ல விமானத்தோட வாலு மட்டும் சுறா துடுப்பு மாதிரி மேகத்த கிழிச்சுக்கிட்டு போகுது, டம் டம்னு அந்த சுறா படத்து மியூசிக். கூட இருந்தவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், நான் விமானத்துல ஏதோ கோளாறுன்னு சீரியஸா பாத்துக்கிட்டு இருந்தேன்.

---

எங்க அம்மா கதை வேற. எந்த படமா இருந்தாலும் ரெண்டு நிமிஷம் பாப்பாங்க, "இதுல யாரோ சாவப்போறாங்க, நான் தூங்கப் போறேன்"னு எழுந்துடுவாங்க. எப்படிம்மான்னு கேட்டா "எடுத்த எடுப்புலயே எல்லாரும் இவ்ளோ சந்தோஷமா இருந்தா வேற என்னதான் நடக்கும்". பத்துக்கு எட்டு கரெக்டா இருக்கும்.

ஒரே ஒரு தடவ சறுக்குனாங்க, 'அப்' (2009). பசங்களோட கார்ட்டூன்தானேன்னு உக்காந்தாங்க, ஒரு ஜோடியோட கல்யாணத்துலேருந்து கிழவி சாவற வரைக்கும் டயலாக்கே இல்லாம நாலு நிமிஷத்துல ஓட்டுவாங்கல்ல, அதோட கண்ண துடைச்சுக்கிட்டு "இதுக்கு மேல எனக்கு தெம்பு இல்ல"ன்னு ரூமுக்கு போயிட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு பசங்க உருண்டு சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா, வீடு பறக்குது, நாய் பேசுது. "வீடு பறக்கும்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் இருந்திருப்பேன்ல"ன்னு எங்களதான் திட்டுனாங்க.

---

திரும்ப நான்தான், முதல்ல போட்டவன். உங்க எல்லாரையும் படிச்சுட்டு நேத்து அந்த படத்த வீட்டுல முதல்லேருந்து போட்டேன். தரை துடைக்கிற சீன் நெனச்சத விட நீளம், துணி புழியற சத்தத்துக்கே ரிமோட்ட இறுக்கி பிடிச்சுட்டேன். அப்ப வேலை முடிச்சு தம்பி வந்தான், சரியா வீடு பாக்குற எடத்துல, பக்கத்துல உக்காந்தான். "தட்டே வேணாம்"னு அந்த டயலாக் வந்துச்சு. கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். நான் ஒண்ணும் சொல்லல, அந்த முன் சீட்டுக்காரர் மாதிரி திரும்பி மட்டும் பாத்தேன்.