வேகன் எண்ணில் ஒரு இலக்கம் துருவில் மறைந்துவிட்டது: 3-ஆ, 8-ஆ?

ஹெச்ஓ கிறுக்கன்: வணக்கம். ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ஒரு பாக்ஸ்என் வேகன் (மேல் மூடி இல்லாத சரக்குப் பெட்டி) மாடல் செய்து முடித்துவிட்டேன், எண் ஒட்டுவதுதான் பாக்கி. யார்டில் எடுத்த போட்டோவில் பத்து இலக்கம் தெளிவாக இருக்கிறது: 10 06 08 2_41 4. எட்டாவது இலக்கத்தின் இடது பக்கம் முழுக்கத் துரு வழிந்திருக்கிறது. 3 போலவும் இருக்கிறது, 8 போலவும் இருக்கிறது. டெக்கால் (மாடலில் ஒட்டும் எழுத்து அச்சு) அடிக்கக் கொடுக்கும் முன் யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.

கூட்ஸ் கார்டு: போட்டோவே வேண்டாம் தம்பி, 8-தான். கடைசி இலக்கம் சும்மா இல்லை, முன்னால் இருக்கும் பத்தையும் சரிபார்க்கத்தான் அது. இரட்டைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். ஒற்றைப்படை இடங்களில் இருப்பதை அதோடு சேருங்கள். அடுத்த முழுப் பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம்.

8 என்றால் 0+6+8+8+1 = 23, மூன்று மடங்கு 69. ஒற்றைப்படையில் 1+0+0+2+4 = 7. மொத்தம் 76, எண்பதுக்கு 4 குறைகிறது. உங்கள் போட்டோவிலும் 4. 3 என்று வைத்தால் மொத்தம் 61, கடைசியில் 9 வந்திருக்க வேண்டும்.

ஹெச்ஓ கிறுக்கன்: அருமை அண்ணா! இன்னும் சில வேகன் இருக்கிறது. இந்த 2841-ஐ மட்டும் 2842, 2843 என்று வரிசையாக மாற்றிப் போட்டு, கடைசி 4-ஐ அப்படியே விட்டுவிடலாமா?

கூட்ஸ் கார்டு: கூடாது. 2842-க்கு 1 வரும், 2843-க்கு 8 வரும். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

மீட்டர்கேஜ் மாமா: இப்படி அடுத்தடுத்த எண்ணே வேண்டாம் என்பேன். முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை. 10 முதல் 29 வரை திறந்த வேகன்கள். அடுத்த 06 தெற்கு ரயில்வே, அதற்கடுத்த 08 தயாரித்த ஆண்டு. பாக்ஸ்என் நாடு முழுக்கச் சுற்றுகிற வண்டி. ரேக் (ஒரு ரயிலின் வேகன் வரிசை) மொத்தமும் 06 என்றால் பொம்மைக் கடையில் வாங்கியது போல இருக்கும். 02 கிழக்கு, 07 தென்கிழக்கு, 09 தென்மத்திய ரயில்வே என்று கலந்து போடுங்கள், ஆண்டையும் மாற்றுங்கள். ஆமாம், உங்கள் லேஅவுட் (மாடல் ரயில் ஓடும் அமைப்பு) எந்தக் காலத்தைக் காட்டுகிறது? தொண்ணூறுகள் என்றால் இந்த 08 வேகன் அங்கே நிற்க முடியாது.

ஹெச்ஓ கிறுக்கன்: 2012 வாக்கில், சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் நீலப் பயணிகள் பெட்டிகளோடு. அந்தப் பெட்டிகளுக்கும் இதே கணக்குதானா?

மீட்டர்கேஜ் மாமா: இல்லை, அது வேறு முறை. உங்கள் 2012 காலத்தில் பயணிகள் பெட்டிக்கு ஐந்து இலக்கம்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த மூன்று வகையோடு சேர்ந்த வரிசை எண். 98234 என்றால் 1998-இல் கட்டியது. கடைசி மூன்று இலக்கம் 201 முதல் 400 வரை என்றால் ஸ்லீப்பர். சரிபார்ப்பு இலக்கம் அதில் இல்லை. அப்புறம், டெக்காலுக்கு வெள்ளை அச்சு உண்டா என்று முதலில் கேளுங்கள். சாதாரண இங்க்ஜெட்டில் வெள்ளை வராது.