நாலாம் நம்பர் ராக்கர் ஆர்ம்

பிறையில் லோரி பட்டறையில்தான் எனக்கு வேலை. போன வருடம் வந்த ஒரு வண்டி, ஆறு சிலிண்டர் டீசல், புஷ் ராட் இன்ஜின்: கேம் புஷ் ராட் என்ற கம்பியை மேலே தள்ளும், அது ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலை ஆட்டும், ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். "தம்பி, லோடோட பினாங்கு பாலத்து மேட்டுல ஏறினா கரும்புகை தள்ளுது, இழுக்கவே மாட்டேங்குது" என்றார் டிரைவர் அண்ணன். எங்களிடம் வருவதற்கு முன்பே டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஆறும் மாற்றி, பம்ப்பையும் கழற்றிப் பார்த்தாகிவிட்டது, காசு போனதுதான் மிச்சம்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், அளந்தேன், ஆறும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை விட்டால், ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி (கிளியரன்ஸ்) எல்லாம் 0.40 மி.மீ. ஆனால் கவரைத் திறந்து வைத்து இன்ஜினைக் கையால் சுற்றும்போது, நாலாவது சிலிண்டரில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மட்டும் மற்றதைவிடக் குறைவாக இறங்குகிற மாதிரி பட்டது. கண்ணை நம்பி முடிவு செய்யக் கூடாது.

அசைவை ஊசியால் மி.மீ.யில் காட்டும் டயல் கேஜ் இரண்டு எடுத்தேன். ஒன்று புஷ் ராட் தலையில், இன்னொன்று வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தட்டு (ரிட்டெய்னர்) மேல். கேஜின் ஊசித்தண்டு வால்வு தண்டுக்கு நேர் இணையாக நிற்க வேண்டும், சாய்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அந்த சிலிண்டரை கம்ப்ரஷன் டிடிசியில், அதாவது பிஸ்டன் உச்சியில் இருந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், நிறுத்தி, ராக்கரின் ஸ்க்ரூவைத் திருகி இடைவெளியைச் சரியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் மெதுவாகச் சுற்றினேன். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு அளப்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்: புஷ் ராட் 6.0 மி.மீ. ஏறி வால்வு 9.0 மி.மீ. இறங்கினால் ராக்கரின் ரேஷியோ (வால்வு இறக்கத்தைப் புஷ் ராட் ஏற்றத்தால் வகுத்தது) 1.5, அதே 0.40 இடைவெளியோடு அளந்தால் வால்வு 8.6தான் இறங்கும், கணக்கு 1.43 என்று வரும், நல்ல ராக்கரையே சந்தேகப்பட வேண்டியதுதான்.

இன்டேக் ஆறையும் அளந்தேன். மற்ற ஐந்திலும் 9.0, நாலாவதில் மட்டும் 8.1. புஷ் ராட் பக்கம் ஆறுமே 6.0, ஆகவே கேம் தேயவில்லை. ராக்கரைக் கழற்றித் துடைத்தால் அதன் வார்ப்பில் பதித்த காஸ்டிங் நம்பரே வேறு! யாரோ வேறு இன்ஜினின் ராக்கரைப் போட்டிருக்கிறார்கள். ஷாஃப்ட் துளை பொருந்திவிட்டது, வால்வு பக்கத்துக் கை மட்டும் இம்மியளவு குட்டை. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது.

கம்ப்ரஷன் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் காற்று உள்ளே வர நேரம் தாராளமாக இருக்கிறது, லோடோடு வேகமாகச் சுற்றும்போதுதான் போதாமல் போகிறது. டீசல் மட்டும் முழு அளவு விழும், அதுதான் கரும்புகை.

சரியான ராக்கர் போட்டு மறுபடி அளந்தபோது 9.0. அளந்து முடித்ததும் இடைவெளியை மறக்காமல் 0.40க்குத் திரும்ப வையுங்கள். பூஜ்யத்திலேயே விட்டு வண்டியை அனுப்பினால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வாக இருந்தால் சீக்கிரமே கருகிப்போகும்.