ராஸ்பெர்ரி பை 3-இல் டேக் பலகை மாட்டினேன், பாட்டை விடக் கரகரப்புதான் அதிகம்

மொட்டைமாடி_ரேடியோ:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளம்.

இழுப்பறையில் ஒரு ராஸ்பெர்ரி பை 3பி, அந்தக் கையடக்கக் கணினி, சும்மா கிடந்தது. வீட்டில் நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் உண்டு. சேர்த்து வைத்திருந்த சிடிகளையெல்லாம் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றி ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் போட்டிருக்கிறேன், நானூறு ஆல்பத்துக்குக் குறையாது. இதையெல்லாம் கோத்து நாமே ஒரு ஸ்ட்ரீமர் செய்துவிடலாமே, பெட்டியாக விற்பதை எதற்கு வாங்க வேண்டும் என்று இறங்கிவிட்டேன்.

முதலில் பையின் ஹெட்ஃபோன் துளையிலிருந்தே ஆம்ப்புக்குக் கொடுத்தேன். பாட்டு ஓடும்போது பரவாயில்லை, மெல்லிய இடம் வந்ததும் பின்னால் உஸ்ஸென்று ஓர் இரைச்சல். சரி, இது ஆகாது என்று பிசிஎம்5102ஏ சிப் வைத்த சின்ன ஊதா நிற டேக் பலகை (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற ஒலி அலையாக மாற்றுவது) ஒன்றை வாங்கி ஜம்பர் ஒயரால் இணைத்தேன். கான்ஃபிக் கோப்பில் ஹைஃபைபெரி டேக் ஓவர்லேயையும், அதாவது பலகையைப் பைக்கு அடையாளம் காட்டுகிற வரியையும், சேர்த்தாயிற்று. சவுண்டு கார்டு பட்டியலில் பெயர் வருகிறது. ஆனால் பாட்டைப் போட்டால் ஒரு நிமிடம் ஒழுங்காகப் பாடும், அடுத்த நிமிடம் வாணலியில் கடுகு வெடிப்பதுபோலப் பொரியும். வேடிக்கை என்னவென்றால் ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே சத்தம் மாறுகிறது!

பலகையே கெட்டதா, நான் ஏதாவது தப்புப் பண்ணினேனா? அப்புறம், எந்த மென்பொருள் போடலாம்? வீட்டில் அதிகம் பாட்டுக் கேட்பவர் என் அம்மா. அவர் சுவிட்சைப் போடுவார், பாட்டு வர வேண்டும்; போதும் என்றால் சுவரிலேயே அணைத்துவிடுவார். முறையாக ஷட்டவுன் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நடக்கிற காரியமில்லை. இதற்காகப் புது பை வாங்க வேண்டுமா?

ஈயப்பற்று:

பலகை கெடவில்லை. கையைக் கொண்டுபோனால் சத்தம் மாறுகிறது என்றீர்களே, அந்த ஒரு வரியே போதும். பலகையில் எங்கேயோ ஒரு கால் (பின்) எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது, உங்கள் கைதான் அதற்கு ஆன்டெனா.

பலகையின் ஓரத்தில் எஸ்சிகே என்று எழுதிய துளையைப் பாருங்கள். அது மாஸ்டர் கடிகாரத்துக்கான, அதாவது சிப்புக்குத் தாளம் தருகிற துடிப்புக்கான, உள்ளீடு. பை அந்தக் கடிகாரத்தைத் தருவதில்லை, அதனால் அங்கே ஒயர் மாட்ட எதுவும் இல்லை, எல்லாரும் அப்படியே விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. அதை கிரவுண்டோடு சேர்த்தால்தான் சிப் ‘சரி, வெளியிலிருந்து கடிகாரம் வரவில்லை’ என்று புரிந்துகொண்டு பிட் கடிகாரத்திலிருந்து தனக்கு வேண்டியதை உள்ளேயே செய்துகொள்ளும். அந்தரத்தில் விட்டால், காற்றில் வருகிற குப்பையையெல்லாம் கடிகாரம் என்று நினைத்துக் குழம்பும். நீங்கள் கேட்பது அந்தக் குழப்பத்தைத்தான். எஸ்சிகே துளைக்குப் பக்கத்திலேயே இரண்டு குட்டித் தகடுகள் இருக்கும், அவற்றின் மேல் ஒரு சொட்டு ஈயம் வைத்துச் சேர்த்துவிடுங்கள். சூட்டுக்கோல் இல்லையென்றால் எஸ்சிகேயிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ஒயர் மாட்டினாலும் அதே பலன்தான்.

பலகையைத் திருப்பி அடிப்பக்கமும் பாருங்கள். நான்கு ஜோடித் தகடுகள் இருக்கும். 1, 2, 4 மூன்றும் எல் (லோ) பக்கம், 3 மட்டும் எச் (ஹை) பக்கம் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் மியூட், அது எல் பக்கம் போனால் மூச்சே வராது. சில பலகைகளில் இந்த நான்கையும் சேர்க்காமலே அனுப்பிவிடுகிறார்கள்.

ஒயரைப் பொறுத்தவரை பிசிகே (பிட் கடிகாரம்) பையின் 12-ஆம் காலுக்கு, எல்சிகே (இடது-வலது கடிகாரம்) 35-க்கு, டின் (பாட்டின் தரவு) 40-க்கு. இது பையின் கால்களை வரிசையாக எண்ணுகிற எண், பையின் சிப் அவற்றுக்கு வைத்திருக்கிற ஜிபிஐஓ எண் இல்லை. ஜிபிஐஓ கணக்கில் இவையே 18, 19, 21. நான் முதல் தடவை செய்தபோது 18, 19, 21 என்று படித்துவிட்டு அந்த எண்ணுள்ள கால்களிலேயே மாட்டி, இரண்டு நாள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒயர் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஓடினால், ஒரு ஃபிரேமுக்கு 64 பிட் கணக்கில், பிட் கடிகாரம் மட்டும் 12 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும். ஒரு முழ ஒயர் அதற்கு ஏற்ற சாலை இல்லை.

ஹெட்ஃபோன் துளை இரைச்சல் உங்கள் குற்றமில்லை. அதன் பின்னால் முறையான டேக்கே கிடையாது, துடிப்பின் அகலத்தை மாற்றி மாற்றி, வடிகட்டி, ஒலிபோல ஆக்கித் தருகிறார்கள். எச்சரிக்கை மணி அடிக்கப் போதும். பை 5-இல் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். புது பை வேண்டாம், ஃபிளாக்கைப் பிரித்துப் பாட 3பி தாராளம்.

இடதுசேனல்:

மென்பொருள் கேள்விக்கு நான் வருகிறேன்.

வோலூமியோ, மூட், பைகோர்பிளேயர், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். வோலூமியோ பார்க்க அழகு, சில வசதிகளுக்குச் சந்தா கேட்கும். மூட், எம்பிடி என்ற பாட்டுப் பாடும் நிரலை அடிப்படையாக வைத்தது, நோண்டிக்கொண்டே இருக்கப் பிடித்தவர்களுக்கு விருந்து, அமைப்புப் பக்கங்களைப் பார்த்தால் விமானி அறைபோல இருக்கும். நான் இரண்டையும் மாறி மாறி ஓட்டியிருக்கிறேன், இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் அம்மா சுவரில் அணைப்பார் என்கிறீர்கள். அப்படியானால் பைகோர்பிளேயர்தான். டைனி கோர் லினக்ஸ் என்ற மிகச் சிறிய இயங்குதளத்தின் மேல் கட்டியது. தொடங்கும்போது முழுவதையும் ரேமுக்குள் ஏற்றிக்கொண்டு அங்கேயே ஓடும், எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டே இருக்காது. எழுதும் நடுவில் மின்சாரம் போவதால்தான் கார்டு கெடுகிறது, எழுதவே இல்லையென்றால் கெட என்ன இருக்கிறது? ஒரே ஒரு விஷயம்: கட்டளைத்திரையில் போய் நீங்களாக ஏதாவது மாற்றினால் கடைசியில் பேக்கப் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி போடும்போது எல்லாம் பழையபடி நிற்கும். நான் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக இழந்திருக்கிறேன்.

பாடுகிற வேலையை ஸ்குவீஸ்லைட் பார்க்கும், நூலகத்தை லிரியன் மியூசிக் சர்வர் பார்க்கும். முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்று இருந்ததுதான் இது, 2024-இல் பெயர் மாறியது, இப்போது ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். மெட்டீரியல் ஸ்கின் என்ற செருகுநிரலைச் சேர்த்துக்கொண்டால் ஃபோன் பிரவுசரிலேயே ஆல்பம் அட்டைகள் வரிசையாக வரும், அம்மா தொட்டுப் போட்டுக்கொள்ளலாம். நாளைக்கு இன்னொரு அறையில் ஒரு பை வைத்தால் இரண்டிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் பாடும். எனக்கு வீடு துடைக்கும்போது அதுதான் சுகம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்வரையும் இதே பையில் வைத்தால் அதன் தரவுத்தளம் எங்கேயாவது எழுதத்தானே வேண்டும். அதனால் சுவரில் அணைக்கிற பையில் பிளேயரை மட்டும் வையுங்கள். சர்வரும் ஹார்டு டிஸ்க்கும் எப்போதும் ஓடுகிற வேறு ஒரு கணினியில் இருப்பது நல்லது.

வால்வுக்காதலன்:

எல்லாம் சரி, மின்வழங்கியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஃபோன் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு லீனியர் பவர் சப்ளை (சார்ஜர்போல வேகமாகத் துண்டித்துச் சேர்க்காமல் மின்சாரம் தருவது) போட்டுப் பாருங்கள். பாடுகிறவரின் முன்னாலிருந்து திரை விலகினாற்போல இருக்கும். கடிகாரத்தையும் மறக்காதீர்கள். பாட்டுக்கு வேண்டிய 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் பை தன் கடிகாரத்தைத் துண்டு போட்டுத்தான் தருகிறது, சரியாக வகுபடாது. 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இரண்டையும் தானே வைத்திருக்கிற டேக் ஹேட் (பையின் மேலேயே செருகுகிற பலகை) வாங்கினால் டேக் மாஸ்டர், பை வெறும் எடுபிடி.

ஈயப்பற்று:

கடிகாரம் சொன்னது சரிதான், கணக்கு அப்படியே. காதுக்குக் கேட்குமா என்பது வேறு பஞ்சாயத்து. திரை விலகுவதைப் பற்றிச் சொன்னால் எனக்கு ஒரு கேள்வி: எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல், வேறொருவர் மாற்றி மாற்றிப் போட்டு, ஒலி அளவையும் சமமாக வைத்துக் கேட்டீர்களா? நான் என் தம்பியை வைத்துச் செய்து பார்த்தேன். பத்தில் ஐந்து சரி. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். அந்தப் பலகையிலேயே டேக்குக்கு வோல்டேஜைச் சீராக்குகிற தனி ரெகுலேட்டர் இருக்கிறது. இருந்தாலும் சார்ஜர் மோசமானால் வேறு தொல்லை வரும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

வால்வுக்காதலன்:

உங்கள் தம்பிக்குக் கை நடுங்கியிருக்கும். நான் என் காதை நம்புகிறேன் :)

மொட்டைமாடி_ரேடியோ:

ஈயப்பற்று சார், காலில் விழலாம்போல இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், எஸ்சிகே பக்கத்துத் தகடு இரண்டும் பளிச்சென்று தொடாமல் கிடந்தன. ஒரு சொட்டு ஈயம், அவ்வளவுதான், பொரிச்சல் மொத்தமாக நின்றது. பாட்டு முடிந்ததும் ஆம்ப் ஓடுகிறதா என்று ஸ்பீக்கரில் காதை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பைகோர்பிளேயரும் போட்டுவிட்டேன். ஆனால் ஆர்வத்தில் ஹார்டு டிஸ்க்கையும் இதே பையில்தான் செருகினேன் (இடதுசேனல் திட்ட வேண்டாம்). இப்போது புதுத் தொல்லை. நான்கைந்து பாட்டுக்கு ஒரு தடவை டிஸ்க் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும், பாட்டு நின்றுவிடும். அரை நிமிடம் கழித்து, சில சமயம் ரீபூட் செய்தால்தான், திரும்ப வருகிறது. இன்னொன்று, தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் கணினியில் சரியாகத் தெரிகின்றன, கணினியில் பகிர்ந்த ஃபோல்டரை இங்கே மவுன்ட் செய்தால் (பையோடு இணைத்தால்) வெறும் கேள்விக்குறியாக வருகின்றன.

ஈயப்பற்று:

இதோ வந்துவிட்டது சார்ஜர் தொல்லை. வால்வுக்காதலன் மகிழலாம்.

அந்த ‘டிக்’ டிஸ்க்குக்கு மின்சாரம் போதாமல் தலை ஓரத்துக்குத் திரும்புகிற சத்தம். சுழலத் தொடங்கும்போது சிறிய டிஸ்க்கே ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பை 3-இன் நான்கு யூஎஸ்பி துளைக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். அதோடு மைக்ரோ யூஎஸ்பி கேபிள் மெல்லியதாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை குறித்து வைத்துக்கொள்ளும். விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட் த்ராட்டில்ட் கேட்டுப் பாருங்கள். வெறும் பூஜ்யம் வந்தால் நான் சொன்னது தப்பு. 50000 என்று முடிந்தால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ இறங்கியிருக்கிறது, 50005 என்றால் இப்போதே இறங்கித்தான் இருக்கிறது.

2.5 ஆம்பியர் தருகிற, கேபிள் தன்னோடு ஒட்டியே வருகிற சார்ஜர் போடுங்கள். அல்லது டிஸ்க்குக்குத் தனி மின்சாரமுள்ள யூஎஸ்பி ஹப். லீனியர் தேவையில்லை.

இடதுசேனல்:

திட்டவில்லை, ஆனால் ‘சொன்னேனே’ என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

கேள்விக்குறிக்கு மருந்து எளிது. பகிர்வை மவுன்ட் செய்கிற இடத்தில் விருப்பங்கள் என்ற கட்டத்தில் ஐஓகேர்செட் சமம் யூடிஎஃப்8 என்று சேருங்கள், தமிழ் தமிழாக வரும்.

கச்சேரிப் பதிவு நிறைய வைத்திருந்தால் கிராஸ்ஃபேடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ராகம் அடுத்த டிராக்கில் தொடரும் இடத்தில் இரண்டையும் குழைத்துவிட்டால் கேட்கச் சகிக்காது. அப்புறம் ஒலி அளவு. இந்தச் சிப்பில் வால்யூம் கட்டுப்பாடு கிடையாது, மென்பொருள்தான் குறைக்கும். ஆம்ப்பின் குமிழிலேயே குறைத்துக்கொண்டால் வம்பில்லை, ஃபோனில் குறைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒரு தடவையாவது ஃபோனில் நூறில் வைத்துவிட்டு ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் யாராவது நூறுக்குத் தள்ளினால் வீடு அதிரக் கூடாது.

பெட்டி ஏதாவது யோசித்திருந்தால் முழு அலுமினியம் வேண்டாம். நான் ஆசையாக ஒன்று செய்து மூடியைப் பூட்டியதும் வைஃபை காணாமல் போனது.

மொட்டைமாடி_ரேடியோ:

50005 வந்தது. சார்ஜரைப் பார்த்தால் 1 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, பழைய ஃபோனுடையது. மாற்றினேன், இப்போது பூஜ்யம், மூன்று நாளாக ஒரு ‘டிக்’ இல்லை. டிஸ்க்கையும் சர்வரையும் பழைய மடிக்கணினிக்கு மாற்றிவிட்டேன். தமிழும் வந்துவிட்டது, பெயர்கள் அகர வரிசையிலேயே நிற்கின்றன.

பெட்டிக்கு மரத்தில் ஒரு பழைய நகைப்பெட்டி கிடைத்தது, மூடியில் கண்ணாடி பதித்தது. நேற்று சாயங்காலம் அம்மா பாட்டு நடுவிலேயே சுவரில் பட்டென்று அணைத்துவிட்டு எழுந்துபோனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டேன், அதே ஆல்பம் காத்துக்கொண்டிருந்தது. அம்மா திரும்பிப் பார்த்து, ‘அணைச்சதை ஏன்டா மறுபடி போடறே’ என்றார்.