லாரி பாட்டுக்கு கன்ட்ரி தாளம்: கிதார்ல எப்படி வரவைக்கிறது?

காட்பாடி கிதார்:
காலேஜ் விழாவுக்கு, சென்னை–பெங்களூர் ரோட்டுல ஓடுற லாரியப் பத்தி ஒரு பாட்டு. அமெரிக்க ட்ரக் பாட்டு பாணி. ஜி, சி, டி மூணே கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு), ஒரு அகௌஸ்டிக் கிதார், ஒரு கஹோன் (மேல உட்கார்ந்து கையால தட்டுற மரப்பெட்டி). வாசிச்சா சர்ச் பாட்டு மாதிரி கேட்குது, வண்டி நகரல. ஊர்ப் பேரும் தாளத்துல உட்கார மாட்டேங்குது. எங்க தப்பு?

ஆறுகம்பி:
ஆறு கம்பியையும் சேர்த்து அடிச்சா அப்படித்தான் கேட்கும். கன்ட்ரி தாளம்னா "பும்-சிக்": "பும்"முக்கு ஒத்தை அடிக்கம்பி (தடிச்ச கம்பி), "சிக்"குக்கு மெல்லிய மூணு கம்பி மட்டும்.

கம்பியில 1 ரொம்ப மெல்லிசு, 6 ரொம்பத் தடிப்பு. ஜி-க்கு 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட் (கிதார் கழுத்துல 3ஆவது கட்டம்), அடுத்த பும் 4ஆம் கம்பி ஓப்பன் (விரல் வைக்காம). சி-க்கு 5ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட், அப்புறம் 4ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட். டி-க்கு 4, 5 ரெண்டும் ஓப்பன்.

"சிக்" சட்டுனு அடங்கணும். ஜி-ல 2, 3ஆம் கம்பி ஓப்பனா இருக்கிறதால இடது விரலைத் தளர்த்தினா ஒலி நிக்காது. வலது உள்ளங்கை ஓரத்தால அணைக்கணும். அதே ஓரம் பிரிட்ஜை (கிதார் உடம்புல கம்பி கட்டியிருக்கிற கட்டை) விட்டு ரொம்ப முன்னாடி வந்துட்டா பும்மும் செத்து "டொக்"னு கேட்கும்.

ஜி-லேர்ந்து சி-க்குப் போறப்ப கடைசி ரெண்டு பீட்டுல கார்டை விட்டுட்டு 5ஆம் கம்பி ஓப்பன், 2ஆம் ஃப்ரெட், அடுத்த பார் (நாலு பீட்டு) தொடக்கத்துல 3ஆம் ஃப்ரெட். கியர் மாத்துற சுகமே அங்கதான்.

ஆற்காட்டுத் தாளம்:
கஹோன்ல 1, 3 தும். 2, 4 ஓரத்துல ஸ்லாப். நடுவுல விரல் நுனியால விடாம சரசரன்னு ஓட்டணும். தும் கூடுச்சோ, குத்துப் பாட்டு ஆயிடும் (அதுவும் தப்பில்ல, ஆனா நீங்க கேட்டது அது இல்ல). 90 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 90 பீட்டு) பழகிட்டு 130 வரைக்கும் ஏத்துங்க.

ஊர்ப் பேருக்கு மாத்திரை எண்ணுங்க (குறிலுக்கு ஒண்ணு; நெடிலுக்கும், "யம்" மாதிரி மெய்யோட முடியுறதுக்கும் ரெண்டு). பீட்டுக்கு ரெண்டு மாத்திரை. வேலூர், ஆம்பூர் நேரா ரெண்டு ரெண்டு பீட்டு. வாணியம்பாடி எட்டு மாத்திரை, ஒரு பாருக்குச் சரியாத்தான் வருது. ஆனா "யம்" பீட்டுக்கு முன்னாடியே விழுந்துடும். "யம்"மைக் குறுக்கி "டி"யை நீட்டுங்க: வா / ணியம் / பா / டீ. பள்ளிகொண்டாவுல "ளி"யை நீட்டினா நாலு பீட்டும் நெறஞ்சிடும்.

காட்பாடி கிதார்:
"ளி" நீட்டினதும் உட்கார்ந்துடுச்சு. கடைசி சரணத்துல சுருதி ஏத்தலாமா? கேப்போ (சுருதி ஏத்த கிதார் கழுத்துல மாட்டுற கிளிப்) போட நேரம் இருக்காதே.

ஆறுகம்பி:
கேப்போ வேணாம். ஜி-லேர்ந்து ஏ-க்குத் தாவுங்க. நடுவுல ஒரு பார் இ7 கார்டு (6 ஓப்பன், 5ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட்). அப்புறம் கார்டு ஏ, டி, இ. பாடுறவர் குரல் ஏ-ல கீச்சுன்னு போனா மொத்தப் பாட்டையும் இ-ல தொடங்கி எஃப்-ஷார்ப்புக்கு ஏத்தாதீங்க, பாரே கார்டுல (ஒரே விரலைப் படுக்க வச்சு கம்பிகளைச் சேர்த்து அழுத்துறது) பும்-சிக் வாசிச்சா கை வலிக்கும். சுருதி ஏத்தாமலே விட்டுடுங்க. இல்லன்னா அந்தச் சரணத்தைப் பேசியே ஓட்டுங்க. 1975ல வந்த "கான்வாய்"ங்கிற அமெரிக்க ட்ரக் பாட்டுல சரணமெல்லாம் பேச்சுதான்.